நின்றால் 0.0: பழைய காரின் மைலேஜ் மீட்டரோடு நான்கு மாதம்

அடுத்தடுத்து ஐந்து முறை எண்ணெய் (பெட்ரோல்தான்) ஊற்றிக் கணக்குப் பார்த்தாயிற்று, எண்கள் ஆடாமல் நிற்கின்றன, அதனால் இனி தைரியமாக எழுதலாம். வண்டி 2009இல் பதிவான 1.6 லிட்டர் ஜப்பான் செடான், நான்கு கியர் ஆட்டோ. முதல் உரிமையாளர் 2019இல் சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்று) இன்னும் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தார், நான் 2022இல் வாங்கினேன். எந்த பிராண்டு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அதைப் பற்றித்தான் பேச்சு போகும், இந்த மீட்டர் விஷயம் எல்லாப் பழைய காருக்கும் ஒன்றுதான்.

ஆரம்பம் மார்ச் பள்ளி விடுமுறை. ஈசூனிலிருந்து மலேசியாவின் ஜேபிக்கு (ஜோகூர் பாரு) மாமியார், பிள்ளைகள் எல்லோரோடும் புறப்பட்டோம். முக்கால் தொட்டி எண்ணெய் இருந்தால்தான் எல்லை தாண்ட விடுவார்கள், அதனால் முந்தின நாள் இரவே கொஞ்சம் ஊற்றி வைத்திருந்தேன். டேஷ்போர்டில் இரண்டு எண் வரும், மேலே அந்த நொடியின் கிமீ/லி, கீழே சராசரி. எல்லைக்குப் போகும் பிகேஇ விரைவுச்சாலையின் முடிவில் சராசரி 12.6 இருந்தது. அப்புறம் ஜோகூர் பாலத்துக்கான ஜேம். மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு மணி பத்து நிமிஷம். மேல் எண் 0.0 என்று உட்கார்ந்துவிட்டது, ஊரும்போது 2 அல்லது 3 காட்டும், திரும்ப 0.0. கீழ் எண் கண்ணெதிரே கரைந்தது. 12.1, 11.5, 10.9.

“என்னங்க, மீட்டர் செத்துப்போச்சா?” என்று மனைவி கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து வயது வண்டியில் எது வேண்டுமானாலும் சாகலாம். சுங்கச்சாவடியைத் தாண்டும்போது சராசரி 10.3.

மீட்டர் சாகவில்லை என்பது வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கிமீ/லி என்றால் போன தூரத்தை எரிந்த எண்ணெயால் வகுப்பது. தூரம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம், எண்ணெய் சொட்டு சொட்டாக எரிந்தாலும் சரி, குடம் குடமாக எரிந்தாலும் சரி. ஐரோப்பிய வண்டிகளில் இது தலைகீழாக, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும். அங்கே நின்றால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கும், விடை எல்லையில்லாமல் போகும், அதனால் உச்ச எண்ணிலேயே நிறுத்திவைப்பார்கள் அல்லது கோடு போட்டுவிடுவார்கள். ஃபோக்ஸ்வாகன் மாதிரி சிலவற்றில் நின்றவுடன் தானாகவே லிட்டர்/மணிக்கு மாறிவிடும், அதுதான் புத்திசாலித்தனம். என் வண்டிக்கு அந்தப் புத்தி இல்லை.

ஆனால் சராசரி பொய் சொல்லவில்லை, அதைக் கொஞ்சம் திருகினால் பதில் கொடுக்கிறது. கடைசியாக மீட்டரை அழித்ததிலிருந்து 140 கிமீ, 12.6 கணக்கில் 11.1 லிட்டர். ஜேம் முடிந்ததும் 143 கிமீ, 10.3 கணக்கில் 13.9 லிட்டர். வித்தியாசம் 2.8 லிட்டர், இரண்டு மணி பத்து நிமிஷத்தில். மணிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர். எட்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எண்ணெய் அந்தப் பாலத்தடியிலேயே போயிருக்கிறது. 1.6 இன்ஜினுக்கு இது நியாயமான அளவா, அதிகமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அடுத்த நான்கு மாதமும்.

முதல் வேலை, மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை நேராகப் பார்ப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் துளை) இருக்கிறது, அதில் ஒரு புளூடூத் துண்டைச் செருகினால் போனில் தெரியும். இணையத்தில் 9 வெள்ளிக்கு இஎல்எம்327 என்ற அப்படியொரு துண்டு வாங்கினேன். வெர்ஷன் 2.1 என்று பெருமையாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இந்தப் போலிகளில் 2.1 என்று போட்டவை பல கட்டளைகளுக்குப் பதிலே சொல்லாது என்று வாங்கிய பிறகுதான் படித்தேன். என்னுடையது இணையும், ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று) காட்டும், இருபது நொடியில் அறுந்துவிடும். இரண்டாவது ஒன்று 38 வெள்ளி, அது உருப்படி. கட்டணச் செயலி 8 வெள்ளி.

செயலியைத் திறந்தால் நின்ற இடத்தில் மணிக்கு 0.4 லிட்டர் என்றது. மோட்டார்சைக்கிளா இது? ஒரு வாரம் அதை நம்பிக்கொண்டு, கோப்பிக்கடையில் நாலு பேரிடம் என் இன்ஜினைப் பற்றிப் பீற்றிக்கொண்டும் விட்டேன். பிறகு அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் எரிபொருள் என்ற இடத்தில் டீசல். டீசலின் கலவை விகிதம் வேறு, கணக்கும் வேறு. பெட்ரோல் என்று மாற்றியதும் எண் இரட்டிப்புக்கு மேல் ஏறியது. கோப்பிக்கடைக்கு இரண்டு நாள் போகவில்லை.

அதற்கப்புறம் செயலி சொல்லும் லிட்டரை நம்புவதை விட்டுவிட்டேன். இந்த வயது வண்டிகள் எண்ணெய் அளவை நேராகச் சொல்லாது, உள்ளே இழுக்கும் காற்றின் எடையைத்தான் எம்ஏஎஃப் சென்சர் வழியாகச் சொல்லும், நொடிக்கு இத்தனை கிராம் என்று. சூடான பெட்ரோல் இன்ஜின் 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் எரிக்கிறது, ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். கால்குலேட்டரில் போட்டால் காற்றின் எண்ணை 0.33ஆல் பெருக்க வேண்டும் என்று வருகிறது. அதாவது மூன்றால் வகுத்தால் போதும். நொடிக்கு 3 கிராம் காற்று என்றால் மணிக்கு ஒரு லிட்டர். இந்த ஒரு வரியை டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறேன், 8 வெள்ளி செயலியைவிட உபயோகம்.

சரி, அளக்கலாம் என்று சனிக்கிழமை காலை எங்கள் புளோக் பலமாடி கார்பார்க்கில் இன்ஜினை ஓடவிட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். கண்ணாடியைத் தட்டியவர் ஐந்தாம் மாடி அங்கிள், கையில் சந்தைப் பை.

“தம்பி, ஆள் வரணுமா?”

“இல்ல அங்கிள், டெஸ்ட் பண்றேன்.”

“டெஸ்டா? நின்ன வண்டில இன்ஜின் ஓடவிட்டா சம்மன் வரும் தெரியும்ல? எனக்கே வந்திருக்கு.”

அவர் சொன்னது சரி. சிங்கப்பூரில் போக்குவரத்துக் காரணமில்லாமல் நிறுத்தி வைத்த வண்டியின் இன்ஜினை ஓடவிடுவது குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும். புகையை அடுத்தவர் மூச்சில் விட்டு ஆராய்ச்சி செய்வது அழகும் இல்லை. மன்னிப்புக் கேட்டு அணைத்தேன். நல்ல வேளையாக என் நண்பன் ஒருவனுக்குக் காக்கி புக்கிட்டில் சின்னப் பட்டறை இருக்கிறது. சனிக்கிழமை வேலை முடிந்து கதவை இழுக்கும் முன் ஒரு மணி நேரம் எனக்கு இடம் கொடுக்கச் சம்மதித்தான், ஒரு தே தாரிக்குக்கு.

அங்கே எடுத்த முதல் எண்கள் இவை. காலையிலிருந்து நின்று ஆறிய வண்டி, போட்டவுடன் 1300 ஆர்பிஎம், காற்று 5.1, அதாவது மணிக்கு 1.7 லிட்டர். இருபது நிமிஷம் ஓடவிட்டு, ஏர்கான் அணைத்து, பி (பார்க்கிங்) கியரில் 2.7 கிராம், 0.9 லிட்டர். ஏர்கான் போட்டால் 3.6, ஏறக்குறைய 1.2 லிட்டர். காலால் பிரேக் மிதித்து டி (டிரைவ்) கியரில், ஏர்கானோடு, 3.9, அதாவது 1.3 லிட்டர். காகிதத்தில் வந்த அதே 1.3. அவ்வளவு நேரம் நான் திட்டிய மீட்டர் பாலத்தடியில் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது ஏர்கான் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டிருப்பது. ‘டக்’ என்று கிளட்ச் பிடிக்கும் சத்தம் முன்னால் கேட்கும், அதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னாடியே காற்று எண் ஏறிவிடும், ஏனென்றால் இசியு (இன்ஜினை நடத்தும் கணினி) பாரம் வரப்போவது தெரிந்து திராட்டிலை (காற்று நுழையும் வழியின் தகட்டை) முன்கூட்டியே திறந்துவிடுகிறது. பிறகு குளிர்ந்ததும் ‘டிக்’ என்று விடும், 3.6இலிருந்து 2.8க்கு இறங்கும். ரேடியேட்டர் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மாலை ஆறு மணிக்குக் கதவு பாதி இறங்கிய பட்டறைக்குள் இது நிமிஷத்துக்கு இரண்டு தடவை நடந்தது. மதியம் வெயிலில் நிறுத்திய வண்டியில் பதினைந்து நிமிஷம் ஆனாலும் விடவே விடாது. அதனால் “ஏர்கான் போட்டால் இவ்வளவு” என்று ஒரே எண் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், எந்த நேரம், எங்கே நிறுத்தியது என்று கேளுங்கள்.

சூடான 1.6 இன்ஜின் ஏர்கான் இல்லாமல் 0.9 குடிப்பது கொஞ்சம் அதிகம் என்று நண்பன் சொன்னான். அவனிடம் அதே அளவு இன்ஜின் வண்டி ஒன்று சர்வீஸுக்கு நின்றது, அதில் என் துண்டைச் செருகினால் 2.1 கிராம். 0.7 லிட்டர். ஆர்பிஎம்மிலும் வித்தியாசம், அது 680, என்னுடையது 840. ஆக மீட்டர் சரி, வண்டியில்தான் ஏதோ கோளாறு. இங்கிருந்து நான் எடுத்த திருப்பங்கள் வரிசையாகத் தப்பு.

முதல் சந்தேகம் எங்கேயோ காற்றுக் கசிவு. அப்பாவின் கார் ஞாபகம் வந்தது. 1990இல் சிஓஇ வருவதற்கு முந்தைய காலம், டேஷ்போர்டில் ஒரு தனி முள் இருக்கும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை. அப்பா அதைக் காட்டி “பச்சையில ஓட்டினா மிச்சம்” என்பார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது முள் பச்சையின் கடைசி நுனியில் கிடக்கும். நின்ற வண்டி எப்படி மிச்சம் பிடிக்கிறது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. அது வெறும் வெற்றிட மீட்டர். இன்ஜினின் உள்ளிழுப்புக் குழாயில் எவ்வளவு உறிஞ்சல் இருக்கிறது என்பதைத்தான் அளக்கும். திராட்டில் மூடியிருந்தால் உறிஞ்சல் அதிகம், பச்சை. மிதித்தால் உறிஞ்சல் போய்விடும், சிவப்பு. வண்டி நகர்கிறதா என்பதே அதற்குத் தெரியாது. ஒரே சிக்னலில் நின்றுகொண்டு அப்பாவின் முள் உச்ச சிக்கனம் என்கிறது, என் திரை 0.0 என்கிறது. இரண்டும் அதனதன் கேள்விக்குச் சரியான பதில்தான், நான் கேட்க வேண்டியதை இரண்டுமே கேட்கவில்லை.

அந்த மாதிரி மீட்டர் ஒன்று 22 வெள்ளிக்கு வாங்கி, 5 வெள்ளிக்கு டி வடிவ இணைப்பும் ரப்பர் குழாயும் வாங்கி, பிரேக் பூஸ்டரைத் தொடாமல் பக்கத்தில் இருந்த சின்ன உறிஞ்சல் குழாயில் இணைத்தேன். குழாயை பானெட் இடுக்கு வழியாக எடுத்து முன்கண்ணாடி ஓரத்தில் டேப் போட்டு ஒட்டினேன், பார்க்க ஆஸ்பத்திரி டிரிப் மாதிரி இருந்தது. சூடான இன்ஜினில் 18.5 அங்குலப் பாதரசம், முள் நடுக்கமில்லை. கடல்மட்டத்தில் 17இலிருந்து 22 வரை நிலையாக நின்றால் நல்ல இன்ஜின். கசிவு இல்லை. 27 வெள்ளியில் ஒரு ‘இல்லை’ கிடைத்தது, அதுவும் ஒரு லாபம்தான் என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்து திராட்டில் பாடி. கழற்றிப் பார்த்தால் தகட்டின் ஓரம் முழுக்க கறுப்புப் பிசுக்கு. 12 வெள்ளி ஸ்ப்ரே, பழைய பனியன் துணி, முக்கால் மணி நேரம். பளபளவென்று ஆனது. மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஆர்பிஎம் 1150! பயந்துவிட்டேன். பிறகு புரிந்தது, இத்தனை வருஷமாகப் பிசுக்கை ஈடுகட்ட இசியு தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கப் பழகியிருக்கிறது, பிசுக்குப் போனதும் அதே திறப்பில் காற்று அதிகமாக நுழைகிறது. நண்பன் ஸ்கேனரில் பழைய பழக்கத்தை அழித்து, புதிதாகக் கற்கவிட்டான். எல்லாம் அடங்கியபின் ஆர்பிஎம் எவ்வளவு தெரியுமா? 840. பழைய இடத்துக்கே வந்து நின்றது.

மூன்றாவது தப்புக்கு முழுப் பொறுப்பும் நான். வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் ஆக்ஸிஜன் சென்சர் என்று அடித்துச் சொன்னார், பழைய வண்டி, மாற்றியே ஆக வேண்டும் என்றார். என் போனிலேயே காற்று-பெட்ரோல் கலவைத் திருத்தம் 4 விழுக்காட்டில் அமைதியாக நின்றது, சென்சர் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் 145 வெள்ளி கொடுத்து மாற்றினேன். ஒரு மில்லிகிராம் வித்தியாசம் இல்லை. பழையது இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது, மனைவி அதை ‘நூத்தி நாப்பத்தஞ்சு’ என்றே கூப்பிடுகிறாள்.

நடுவில் ஒரு ஞாயிறு வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. வெள்ளி இரவு செருகிய துண்டை எடுக்க மறந்திருந்தேன், அது இரண்டு நாளாக பாட்டரியை உறிஞ்சியிருக்கிறது. வேலை முடிந்தால் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

விடை வந்தது தற்செயலாக. ஏப்ரல் கடைசி வாரம், செயலியில் சேமித்திருந்த பதிவுகளை மடிக்கணினியில் போட்டுக் கோடு வரைந்துகொண்டிருந்தேன், காற்றுக்கும் ஆர்பிஎம்முக்கும். தவறி கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பத்தையும் சேர்த்துவிட்டேன். அந்தக் கோடு 74 டிகிரியிலும் 76இலும் கிடந்தது. பட்டறையில் இருபது நிமிஷம், அப்புறம் ஏர்கானோடு இன்னும் இருபது நிமிஷம், 76ஐத் தாண்டவே இல்லை. பிகேஇயில் ஓட்டிய பதிவைத் திறந்தால் 68. சிங்கப்பூர் வெயிலில், கையை வைத்தால் பொசுங்கும் பானெட்டுக்குக் கீழே, இன்ஜின் சரியாகச் சூடாகவே இல்லை! டேஷ்போர்டு முள்ளைப் பார்த்தால் நடுவுக்கு ஒரு நூல் கீழே, யாருக்கும் சந்தேகம் வராது. செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை.

படத்தை நண்பனுக்கு அனுப்பினேன். ஒரே வார்த்தை பதில், “தெர்மோஸ்டாட்.” இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்க வேண்டிய வால்வு அது. திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கும் என்று நினைத்துப் புதியது 32 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை போனேன். வண்டியை ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கீழே தட்டு வைத்து கூலண்டை இறக்கினோம். உறையைப் பிடித்திருப்பது இரண்டு 10 மிமீ நட்டுகள், ஒன்று சுலபம், மற்றது ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், அதற்கு நீள எக்ஸ்டென்ஷனும் என் விரல் தோலும் கொஞ்சம் தேவைப்பட்டன. உறை கழன்றது. உள்ளே விரலை விட்டேன். எதுவும் தட்டுப்படவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் வெறும் துளை, ஓரத்தில் பழைய கேஸ்கட் பசை. தெர்மோஸ்டாட் சிக்கவில்லை, தெர்மோஸ்டாட்டே இல்லை.

நண்பனுக்கு ஆச்சரியமே இல்லை. இந்தப் பக்கத்து பழைய மெக்கானிக்குகளிடம் இது சகஜம் என்றான், “நம்ம ஊர்ல குளிரே இல்லயே, இது எதுக்கு?” என்று கழற்றி வீசிவிடுவார்கள், வண்டி சூடேறி நிற்கும் தொல்லை தீரும் என்ற நல்லெண்ணத்தில். பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் அது பெரிதாகத் தெரியாது. என் வண்டியின் இசியுவுக்கு வெப்ப எண்தான் கண். 80க்குக் கீழே இருந்தால் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி ஆர்பிஎம்மை உயர்த்தி வைக்கும், உயர்ந்த ஆர்பிஎம் என்றால் கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல். ஏர்கான் போட்டால் ஃபேன் ஓயாமல் சுற்றி இன்னும் குளிர்விக்கும். வருஷம் முழுக்க ஏர்கானில் ஓடும் சிங்கப்பூர் வண்டிக்கு அது ஒருநாளும் சூடேறாத இன்ஜின்.

புதியதை வைக்கும்போது சின்ன வால்வு, ‘ஜிக்கிள் பின்’ என்பார்கள், மேல்பக்கம் வரும்படி வைக்க வேண்டும், அதன் வழியாகத்தான் சிக்கிய காற்று வெளியேறும். முதல் தடவை பக்கவாட்டில் வைத்துவிட்டேன், நண்பன் கவனித்துத் திருப்பினான். பழைய பசையை மரத்துண்டால் சுரண்டினேன், ஸ்க்ரூடிரைவர் பட்டால் அலுமினியம் கீறிவிடும். கேஸ்கட் 4 வெள்ளி, கூலண்ட் 26, நண்பனுக்கு வலுக்கட்டாயமாகக் கையில் திணித்தது 50. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். வடித்த கூலண்டைப் பட்டறையின் கழிவு டிரம்மில் விட்டோம், சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள்.

அப்புறம் மறுபடி மடியில் நோட்டு. ஆறு நிமிஷத்தில் 82, முன்பு இருபது நிமிஷத்திலும் வராதது. மேலே ஏறி 86, 87இல் நின்றது. ஆர்பிஎம் தானாகவே 840இலிருந்து 700க்கு வழுக்கியது, அந்த வண்டியில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. ஏர்கான் இல்லாமல் 2.2 கிராம், மணிக்கு 0.73 லிட்டர். ஏர்கானோடு 3.0, ஏறக்குறைய 1 லிட்டர். டி கியரில் பிரேக் மிதித்து 3.3, அதாவது 1.1 லிட்டர்.

டி கியரா நியூட்ரலா என்ற விஷயத்தில் ஒரு வார்த்தை. சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றினால் மணிக்கு 0.1 லிட்டர் மிச்சம். ஒரு நிமிஷ சிவப்புக்கு அது ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. பாலத்தடியில் இருபது நிமிஷம் நகரவில்லை என்றால் கால் வலிக்காக மாற்றலாம், எண்ணெய்க்காக வேண்டாம். இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது ஆபத்து மட்டுமில்லை, நஷ்டமும்கூட. டியில் காலை எடுத்து உருளும்போது இசியு பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடுகிறது, கிமீ/லி எண் போய் உச்சத்தில் முட்டும். நியூட்ரலில் உருண்டால் இன்ஜின் தன்னைத் தானே ஓட்ட வேண்டும், அந்த 0.7 லிட்டர் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த லிட்டர்களையெல்லாம் எண்ணெய் நிலைய மீட்டரோடு ஒப்பிடாமல் எழுதக் கூடாது என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஐட்லிங் விட்டு நிரப்பிப் பார்ப்பதில் பயனில்லை, எரிவதே ஒரு லிட்டர், பம்ப் துப்பாக்கி ‘டக்’ என்று நிற்கும் இடமே தடவைக்குத் தடவை அரை லிட்டர் மாறும். அதனால் ஐந்து முழுத் தொட்டி, ஒரே நிலையம், ஒரே பம்ப், முதல் ‘டக்’கோடு நிறுத்தம். பம்ப் சொன்னது 176.9 லிட்டர், செயலி கூட்டிச் சொன்னது 168.4. செயலி 5 விழுக்காடு குறைத்துச் சொல்கிறது. ஆக மேலே எழுதிய லிட்டர்/மணி எண்கள் எல்லாவற்றிலும் அந்த ஐந்து விழுக்காட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவுகோல் என்பதால் விகிதம் மாறாது. பம்ப் கணக்கில் மொத்த மைலேஜ் 11.1இலிருந்து 11.9க்கு ஏறியிருக்கிறது. என் ஓட்டம் பெரும்பாலும் பள்ளி, சந்தை, எம்ஆர்டி ரயில் நிலையம் என்று குட்டித் தூரங்கள், இன்ஜின் சீக்கிரம் சூடேறுவதில்தான் பாதி லாபம் என்று நினைக்கிறேன்.

செலவு மொத்தம் 351 வெள்ளி. அதில் தேவைப்பட்டது நல்ல துண்டு, செயலி, தெர்மோஸ்டாட் வேலை, ஆக 158. மாதம் 1200 கிமீ ஓட்டுகிறேன், 7 லிட்டர் மிச்சம், 20 வெள்ளி என்று வைத்தால் எட்டு மாதத்தில் அந்த 158 திரும்பிவிடும். மீதி 193க்கு நூத்தி நாப்பத்தஞ்சுதான் தலைவர்.

மறுபடி செய்வதாக இருந்தால் முதல் நாளே காற்று, ஆர்பிஎம், வெப்பம் மூன்றையும் சேர்த்தே பதிவு செய்வேன், என் கண் முன்னால் வாரக்கணக்கில் கிடந்த கோடு அது. ஸ்ப்ரேயைத் தொடும் முன் வேறொரு ஆரோக்கியமான வண்டியில் அதே துண்டைச் செருகி அந்த மூன்று எண்ணும் எடுப்பேன், நான் காற்றையும் ஆர்பிஎம்மையும் மட்டும் எழுதிக்கொண்டு வெப்பத்தை எழுதாமல் விட்டேன், எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வெற்றிட மீட்டரை மட்டும் திரும்பவும் வாங்குவேன், காரணம் இன்ஜின் இல்லை, அப்பாவின் முள்.

ஜூன் விடுமுறையில் மறுபடி பாலம். ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு எண்ணை வாசித்தாள், “ஒண்ணு புள்ளி ஒண்ணு… சைபர் புள்ளி ஒம்பது… திரும்ப ஒண்ணு புள்ளி ஒண்ணு.” டேஷ்போர்டில் 0.0. பின் இருக்கையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, “அந்த மீட்டர இன்னும் ரிப்பேர் பண்ணலியா மாப்ள?” என்றார்.